கன்னியம்மா கல் இருந்த இடம்

கீலக வருஷம், ஐப்பசி 6, செவ்வாய்

காலையில் தூறல். பிறகு வெயில், புழுக்கம். தீபாவளி அதிரசம் இன்னும் டப்பாவில். பல்லுக்கு ஆகவில்லை.

இன்றைய வேலை: ஆட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்றுவது. மேட்டு வயலுக்கு வேலி. இரண்டும் நடக்கவில்லை. ஜீப் வந்துவிட்டது.

புது ரோட்டுக்கு இடம் பார்க்க வந்த ஜீப். தாம்பரத்திலிருந்து மேற்கே எங்கள் ஊர் வழியாக வந்து, அடையாற்றைத் தாண்டி அக்கரைக்குப் போகிற ரோடு. ஓவர்சியர் ஒருவர், கண்ணாடி போட்டவர், காதோரம் நரை. மூன்று காலில் நிற்கிற குழல் கண்ணாடி ஒன்று. சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பைப் பிடிக்க ஓர் ஆள். ஊர் முழுக்கப் பின்னால்.

ரோட்டுக்கு வழி இரண்டாம். மேட்டு வழி: கிராம முன்சீப்பின் மாந்தோப்பு, அதை ஒட்டி என் மேட்டு வயல், அப்படியே கரட்டோரமாக. பள்ள வழி: ஊருக்குக் கீழே தாழ்வில் இருக்கிற பள்ளக்குடிக்கும் ஆற்றுக்கும் நடுவே கோரை முளைக்கிற தரையில் குறுக்காக. பள்ள வழியில் தூரம் குறைவு. யாருடைய பட்டா நிலமும் போகாது. ஊருக்கு அதுதான் பிடித்தம். முன்சீப்புக்கும். எனக்கும்.

ஓவர்சியர் நல்ல மாதிரி. குரல் எழுப்பாத மனிதர். கோரைத் தரையைக் காட்டிச் சொன்னார்: "தண்ணி போற பாதையில குறுக்கால படுத்துட்டா அது ரோடு இல்லைங்க, கரை. இந்தப் பக்கத்துத் தண்ணி அந்தப் பக்கம் போகாது. அதனால கேக்கறேன். பெருவெள்ளத்துல ஆறு எதுவரைக்கும் ஏறும்? கொஞ்சம்தான் ஏறும்னா நாலு மதகு வெச்சு முடிச்சுடலாம். ரொம்ப ஏறும்னா பள்ள வழியே வேணாம்னு எழுதிடுவேன்."

முன்சீப் உடனே வண்டிப்பாதைப் புங்கமரத்தடியைக் காட்டினார். "அதோ கன்னியம்மா சார். ஆறு எவ்ளோ பொங்கினாலும் அம்மா காலைத் தாண்டாது. எங்க ஊர்ல சின்னப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

ஓவர்சியர் திருநீர்மலைப் பக்கம் கையை நீட்டினார். "அந்த மலையைச் சுத்தித் தண்ணி நின்னு, சாமி கும்பிட வந்த ஆழ்வார் மாசக்கணக்கா வடியட்டும்னு காத்துக் கிடந்தாராம். உங்க அம்மா மட்டும் இங்கயே நிறுத்திடறாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அவர் என்னைப் பார்த்தார். "பெரியவரே, மதகு காத்தவர்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். "ஆமாங்க. அம்மா காலைத் தாண்டாது."

பிறகு அந்தோணியைக் கேட்டார். பள்ளக்குடிக்காரன், ஆற்றில் வலை வீசிப் பிழைக்கிறவன். "நீங்க கீழ குடியிருக்கறவரு. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்." அந்தோணி என் முகத்தைப் பார்த்தான். "அவரு சொன்னா சரிதாங்க."

ஜீப் போய்விட்டது.

நான் சொன்ன வார்த்தையில் பொய் இல்லை. வெள்ளம் அம்மா காலைத் தாண்டியதில்லை. ஆனால் அம்மா இப்போது நிற்கிற இடம் அவள் இடம் இல்லை. மேட்டோரம் நின்றவளைக் கீழே தூக்கிவந்த கைகளில் இரண்டு என்னுடையவை.


7, புதன்

விடாத மழை. ஆடு இரண்டும் வீட்டுக்குள். நாற்றம்.

பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். எழுத்துக் கூட்டியது தலை நரைத்த பிறகு, சர்ச் வாசலில் நடந்த மாலை வகுப்பில். எதையும் எழுதி நினைவு வைக்கிற வழக்கம் கிடையாது. தலையில் கிடக்கும். இது தலையில் கிடந்து குடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

கல்லின் கதை. பெருவெள்ளம் வடிந்தால் செத்தையும் சாணியும் ஒரு கோடாக ஒதுங்கி நிற்கும். தண்ணீர் அதுவரை வந்து திரும்பிற்று என்று அர்த்தம். அந்தக் கோட்டில் கன்னியம்மாவை நட்டு, மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் கல்லைப் பிடுங்கி இன்னும் மேலே நடுவோம். அதனால் அவள் காலைத் தண்ணீர் தாண்டுவது என்பது கிடையவே கிடையாது.

கடைசியாக அவள் நின்றது என் மேட்டு வயல் வரப்பில். அவ்வளவு தூரம் ஏறிய வெள்ளம் அது. பள்ளக்குடியில் கூரை முகடு மட்டும் தெரிந்தது. அந்தோணியின் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து என் வரப்பில் இறக்கினோம். அந்தோணி ஒரு கால், நான் ஒரு கால்.

பிறகு ஊரில் காசு புரண்டது. அம்மனுக்குப் பந்தல் வேண்டும், திருவிழாவுக்கு ரேடியோ செட் வேண்டும் என்றார்கள். வரப்பில் இடம் இல்லை. எனக்கும் ஏர் திருப்ப இடைஞ்சல். வண்டிப்பாதைக்குக் கொண்டுபோகலாமா என்று பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்பு வந்தால் சம்மதம். சிவப்புதான் வந்தது. வடம் கட்டி இறக்கினோம்.

அப்புறம் பிறந்த பிள்ளைகளுக்கு அவள் புங்கமரத்து அம்மன். வெள்ளம் அங்கேதான் நிற்கும் என்று அவர்கள் சொன்னால் அறியாமை. நான் சொன்னால்?

மாலை டீக்கடை. பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். முன்சீப் சொன்னார்: "பெருசு ஒரே வார்த்தைல முடிச்சிடுச்சிபா. நாமெல்லாம் தொண்ட கியிஞ்சதுதான் மிச்சம்."

கடைக்காரன்: "ரோடு வந்தா மேட்டு வயலெல்லாம் மனைக்கட்டுதான். பெருசு இனிமே கோவணத்துல ஜரிகை வெச்சி கட்டும், பாத்துக்கினே இரு."

சிரிப்பு. நானும் சிரித்தேன். அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. வாய் மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.


9, வெள்ளி

மழை விட்டு விட்டு. ஆற்றில் புதுத்தண்ணீர், டீ நிறம். கோரைத் தரையில் கணுக்கால் அளவு.

விடிந்ததும் போய் நின்றேன். மீன் ஏறுகிறது. ஆற்றிலிருந்து கோரை வழியாகத் தண்ணீரை எதிர்த்துத் தாங்கலுக்குப் போகும், முட்டை போட. கெளுத்தி, விரால், குறவை. தாங்கல் என்பது பள்ளக்குடிக்கு மேற்கே இருக்கிற சின்ன ஏரி. தாங்கல் நிரம்பினால் அந்தத் தண்ணீர் பள்ளக்குடியைச் சுற்றிக்கொண்டு இதே கோரை வழியாக ஆற்றுக்கு இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே வழி. நாரைகள் அதைத் தெரிந்துதான் வரிசையாக நிற்கின்றன.

இங்கே குறுக்காக மண் கொட்டினால்:

மீன் ஏறாது.
கோரை அழுகும். பள்ளக்குடிப் பெண்கள் பாய்க்கு எங்கே போவார்கள்?
எருமைக்கு மேய்ச்சல் இல்லை.
தாங்கல் தண்ணீர் இறங்க வழி இல்லை. நாலு மதகு எந்த மூலைக்கு? ஆறும் பொங்கி நின்றால் மதகு வழியாக உள்ளேதான் தள்ளும். நடுவில் பள்ளக்குடி.

கடைசியாக எழுதியதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு அந்தோணியின் பெண்சாதி மரியம்மா வந்தாள். மடக்கிய தாமரை இலையில் கெளுத்தி. முதல் மீன் எங்கள் வீட்டுக்கு வருவது நானும் அந்தோணியும் மதகு காவல் இருந்த காலத்திலிருந்து நடக்கிறது.

"அண்ணே, அவுரு குட்தனுப்பிச்சாரு. வள்ளிக்கு முள்ளு பாத்து குடு."

"அவன் எங்க?"

"ஆத்துலதான். மொகத்த தூக்கி வெச்சிக்கினு கீறாரு. இன்னான்னு கேட்டா எரிஞ்சி வியறாரு. ஜீப்புக்காரன் வந்து போனதுலேந்து இதே பேஜார்."

அவளாகச் சொன்னாள்: "ரோடு வந்தா பஸ்ஸு வரும்றாங்க. கூடையத் தலைல தூக்கிக்கினு தாம்பரம் வரிக்கும் நடக்க வேணாம், இல்ல?"

"ஆமாம்" என்றேன். இந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது ஆமாம்.

வள்ளி, என் மகள், மீனைக் குழம்பு வைத்தாள். தாலி இல்லாமல் திரும்பி வந்தவள். தாம்பரம் தையல் கடையில் காஜா எடுக்கிறாள். மேட்டு வயல் அவளுக்கு என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன். அங்கே ஓர் அறை கட்டிச் சொந்தமாக மிஷின் போடவேண்டும் என்பது அவள் ஆசை. ரோடு மேட்டு வழியில் போனால் வயல் போச்சு. சர்க்கார் கொடுப்பது எப்போது கைக்கு வருமோ. கீழே போனால் வயல் தங்கும், மதிப்பும் ஏறும். இவ்வளவுதான் விஷயம். பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை.

"இன்னாப்பா துன்ன மாட்ற? கெளுத்தின்னா தட்டு நக்குவியே."

பல் வலி என்றேன்.


10, சனி

வெறும் மூட்டம். மழை இல்லை.

தாம்பரம் போனேன். வள்ளியிடம் சொன்னது: ஆட்டுக்கு மருந்து. போனது ரோடு ஆபீசுக்கு. ஓவர்சியரைத் தனியாகப் பார்த்து, காதோடு சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று. யார் சொன்னார்கள் என்று வெளியே தெரியாமல்.

வழியெல்லாம் வார்த்தையைத் தேய்த்துக்கொண்டே போனேன். "அன்னைக்கு ஞாபகம் இல்லைங்க" என்று ஆரம்பிப்பதா? ஊரில் எவனும் நம்பமாட்டான். எந்த வருஷம் எந்த மடையில் நண்டு பொந்து வைத்தது என்று கேட்டாலும் சொல்கிறவன் நான்.

ஓவர்சியர் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேலையாம். குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்: "இன்னா மேட்டர் பெரியவரே? எங்கிட்ட சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா பாக்கறதுக்கு இது இன்னா, எக்சிபிஷனா?"

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊருக்கு முளை அடிக்க வருகிறார்களாம். அதைத் தெரிந்துகொண்டு வெளியே வந்தேன். வந்ததும் நெஞ்சில் ஒரு லேசு. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை மாதிரி. பொறை பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டேன். ருசித்தது.

வீட்டுக்கு வந்து ஆட்டைப் பார்த்த பிறகுதான் மருந்து வாங்கவில்லை என்று உறைத்தது. வள்ளி கேட்டாள். கடை பூட்டியிருந்தது என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆட்டு மருந்துக் கடைவரை பூட்டவேண்டியிருக்கிறது.


11, ஞாயிறு

வெயில். கொட்டகைக்குக் கீற்று மாற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

சர்ச்சில் பூசை முடிந்து பள்ளக்குடி ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து அங்கே போனேன். அந்தோணி வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை. உட்காரச் சொல்லவில்லை. இத்தனை காலத்தில் அவன் அப்படி இருந்ததில்லை. நானே உட்கார்ந்தேன்.

"மீன் நல்லா இருந்திச்சி" என்றேன்.

"துன்னியா?"

கீழே கிடந்த ஈயக்குண்டு ஒன்றைப் பொறுக்கி அவனிடம் நீட்டினேன்.

"அந்தோணி, அந்தக் கல்லு..."

"தெரியும்" என்றான். "எனக்குத் தெரியாதா? எங்க ஆத்தாள கட்டிலோட எங்க எறக்கனோம்? புங்கமரத்தாண்டயா?"

"அப்ப ஏண்டா அன்னிக்கி சரின்ன?"

வலையைக் கீழே போட்டான். "ஏண்டாவா? நீ ஆமான்னு சொல்லிட்ட. முன்சீப்பு ஆமான்றான். ஊரே ஆமான்னுது. அத்தினி பேரு எதிர்ல பள்ளக்குடியான் நானு இல்லன்னு சொல்றதா? சொன்னா எவன் காதுல ஏறும்? அடுத்த நாளு தாங்கல்ல வலை போட வுடுவானா முன்சீப்பு?"

மரியம்மா உள்ளிருந்து வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அவன் தணிந்து பேசினான். அதுதான் அதிகமாகச் சுட்டது. "நீ சொன்னா எடுபடும். நானு சொன்னா எடுபடாது. அதான் வாய மூடிக்கினேன். ராத்திரியே நீ வருவேன்னு பாத்தேன். புதன்கெயம வருவேன்னு பாத்தேன். மீனு குட்தனுப்பிச்சேன், அத்தப் பாத்தாவது வருவேன்னு. இன்னிக்கி ஞாயித்துக்கெயம."

வழக்கத்துக்கு வந்தது என்று நான் நினைத்த மீன்.

"நேத்து ஆபீசுக்குப் போனேன்" என்றேன். "அவரு இல்ல."

"ஆபீசுல யார்கிட்ட சொல்லுவ? சோத்துல முள்ளு எடுக்கற மாரி நைசாவா?" வலையை எடுத்துக்கொண்டான். "ஊரு எதிர்ல சொன்னத ஊரு எதிர்லயே மாத்து. இல்லாட்டிப் போனா முன்சீப்பு இன்னொரு கத கட்டுவான், அது நிக்கும்."

எழுந்தேன். இடுப்பு வலியில் கை ஊன்றத் தடுமாறினேன். அவன் பிடிக்கவில்லை. சரி.


12, திங்கள்

மூட்டம். மறுபடி தூறல்.

ஆட்டு மருந்து வாங்கியாயிற்று.
வேலி இல்லை.
வள்ளியிடம் சொல்லவேண்டும். காலையில் அவசரமாகக் கிளம்பினாள். சாயங்காலம் தலைவலி என்று படுத்தாள். நடுவில் மிஷின் விலை விசாரித்ததைச் சொன்னாள். பழசு ஒன்று வருகிறதாம், கடைக்கார அம்மா பார்த்துத் தருகிறாளாம். கால் மிதி நன்றாக இருக்கிறதாம். கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். தலைவலியே இல்லாதவள் மாதிரி.

சொல்லவில்லை.


13, செவ்வாய்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆறு இறங்கியிருக்கிறது.

ஜீப் ஒன்பது மணிக்கே. முளைக்குச்சிகள், சிவப்பு பெயிண்ட் டப்பா. கோரைத் தரையில் முதல் குச்சியை வைத்து அடிக்கக் கட்டையை ஓங்கியபோது நான் போய் நின்றேன். வேட்டி முழங்கால்வரை சேறு.

"கொஞ்சம் இருங்க. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. வெள்ளம் புங்கமரத்துல நிக்காது. அந்தக் கல்லு மேலேந்து எறக்கனது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

இவ்வளவுதான். தேய்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

முன்சீப் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "பெருசுக்கு வயசாயிட்ச்சி சார். ஒரு நாளு ஒண்ணு சொல்லும், மறுநாளு ஒண்ணு. நீங்க அடிங்க."

கூட்டத்திலிருந்து யாரோ: "துட்டு பத்தலன்னு கட்சி மாறிட்ச்சா?"

டீக்கடைக்காரன்: "ஜரிகைக் கோவணம் வேணான்னுட்டாரு!"

ஓவர்சியர் மட்டும் கட்டையை இறக்கச் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்துக் காட்டினார். நத்தை ஓடு.

"மேட்டு வயலோரம் மண்ணுக்குள்ள கிடந்தது, அன்னைக்கே எடுத்தேன். ஆத்து நத்தை. அது நடந்து ஏறியிருக்காதேன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா ரெண்டு பேர் சாட்சி சொன்னப்புறம் நத்தைப் பேச்சை வெச்சு நான் எழுத முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் பெரியவரே அப்படிச் சொன்னீங்க?"

"மேட்டு வயல் என்னுதுங்க."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாம்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அந்தோணிக்கு."

முன்சீப்: "அவன் அன்னிக்கே சரின்னுட்டான் சார்."

"அன்னைக்கு அவர் 'இவர் சொன்னா சரி'ன்னார். இன்னைக்கு இவர் வேற சொல்றார். கூப்பிடுங்க."

அந்தோணி ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தான், கூட்டத்துக்குப் பின்னால், வலை தோளில். முன்னால் வந்தான். முன்சீப்பைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "வாங்க சார், காட்றேன்" என்று நடக்க ஆரம்பித்தான். பள்ளக்குடி வழியாக. மரியம்மாவும் மற்றப் பெண்களும் கோரைக் கட்டோடு அப்படியே நின்றார்கள். தாங்கல் கரையோரமாக ஏறி, நேராக என் வரப்புக்கு. கல் பிடுங்கிய குழியில் இப்போது துத்திச் செடி. ஒரு கை மண்ணைத் தள்ளினான். கீழே அண்டை கொடுத்த சல்லி அப்படியே இருக்கிறது.

"இங்கதான் சார். அண்ணன் வெச்ச சல்லி."

அண்ணன் என்றான். அதற்கு நான் தகுதியில்லை.

ஓவர்சியர் சொன்னார்: இந்த மட்டத்துக்கு வெள்ளம் ஏறும் என்றால் கீழே ரோடு போடுவது பள்ளக்குடியைப் பானைக்குள் வைத்து மூடுகிற மாதிரி. பள்ள வழி வேண்டாம் என்று எழுதப் போகிறாராம். மேலே யார் என்ன சொல்வார்களோ, தன் எழுத்து அதுதான் என்றார். அப்படியானால் மேட்டு வழி. முன்சீப் தோப்பில் ஓர் ஓரம். என் வயல் ஏறக்குறைய முழுவதும். முன்சீப் காறித் துப்பிவிட்டுப் போனார். ஊர் அவர் பின்னால் போயிற்று.

மட்டம் எடுக்கவேண்டும். கம்புக்காரன் கீழே புங்கமரத்தடியில் பெட்டி எடுக்கப் போயிருந்தான். "நீங்களே பிடிங்க பெரியவரே, அந்தக் குழிமேலயே" என்றார் ஓவர்சியர். பிடித்தேன். அவர் தூரத்தில் போய்க் குழல் கண்ணாடியில் கண்ணை வைத்தார்.

அப்போது வள்ளி வருகிறாள். கடைக்குப் போன வேகத்தில் திரும்பிவிட்டாள் போல. நடையில் வேகம். வரப்பில் நான் கம்போடு நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறாள்.

"யப்பா, கடைக்கார அம்மா மிஷின எனுக்கே முடிச்சிக் குடுத்துட்டாங்க! நீ இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? நம்ம வயல எதுக்கு அளக்கறாங்க?"

அந்தோணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் இவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊர் எதிரில் சொல்லும் முன், அந்தோணியிடம் போகும் முன். நேற்று கையை ஆட்டி ஆட்டி மிதியைக் காட்டினாளே, அப்போதாவது.

"யப்பா?"

தூரத்திலிருந்து ஓவர்சியர் கத்துகிறார்: "ஆடாமப் பிடிங்க பெரியவரே! கம்பு ஆடுது!"